ஏழாம் நம்பர் டின்

தாமான் செம்பாக்கா, பாசிர் கூடாங்
7 ஜனவரி 2024

பிரேமலாவுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம். அதனால் எழுதுகிறேன். உன் குளுவாங் ஆய்வுக்கூடத்துக்குக் கொசு முட்டை ஒட்டிய குச்சிகளை அனுப்பும்போதெல்லாம் பையில் ஒரு துண்டுக் காகிதம் வைப்பேனே, அப்படி நினைத்துக்கொள். இந்தத் தடவை பையில் குச்சி இல்லை. ஒரு புட்டி இருக்கிறது. அதைத் திறக்கும் முன் இதைப் படி.

லோஷினி போய் இன்றோடு எண்பத்திரண்டு நாள். மகளுடைய பதினாறாம் நாள் காரியத்துக்குத் தாய் வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் "வேலை" என்று பதில் சொன்னேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் என் மூஞ்சியைப் பார்க்காமல் போனார்கள். மூன்றாம் நாள் நான் உன்னை அடிக்கக் கை ஓங்கியது தப்புதான். ஆனால் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நீ லோஷினியின் கட்டில்மேல் ஏறி நின்று, வாயில் குழாயை வைத்து உறிஞ்சிக் கொசு பிடித்தாய். அதைப் பார்த்துக்கொண்டு எந்த அப்பன் சும்மா இருப்பான்?

போகட்டும். அந்தக் கொசுக்கள் இப்போது எனக்கு வேண்டும்.

பின்சந்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் சர்புதீன் பாயின் நான்கு நீலத் தண்ணீர்த் தோங்குகளை நீயும் பார்த்திருக்கிறாய். குழாய் அடிக்கடி நின்றுபோவதால் கடைக்கு வேண்டிய தண்ணீரை அதில்தான் பிடித்து வைக்கிறார். இரண்டுக்கு மூடி கிடையாது. அவருடைய மகள் பிர்தௌஸுக்குத்தான் முதலில் டிங்கி வந்தது. ஐந்து நாள் கழித்து நம் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை பிழைத்துப் பள்ளிக்குப் போகிறது. நம் பிள்ளை எட்டு வயதில் ஏழு நாளில் முடிந்தாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நான் கேட்டால், குடியிருப்போர் சங்கத் தலைவர் ராஜசேகரன், "கடைய வாடகைக்கு விட்டவரு லேசுல கேக்க மாட்டாரு, கையில ஏதாச்சும் காகிதம் இருந்தா நல்லது" என்கிறார். பிப்ரவரி 25 ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சர்புதீனுக்குக் கடையை மறுபடி வாடகைக்கு விடக்கூடாது என்று தாமானில் எல்லா வீடும் கையெழுத்துப் போடப் போகிறது.

லோஷினியை மருத்துவமனையில் சேர்த்த அன்றே அந்தத் தோங்கில் கோரி, நீ வைத்துவிட்டுப் போன ஸ்பிரிட் புட்டியில் புழுக்களைப் போட்டு வைத்தேன். பன்னிரண்டு இருக்கும். அன்று நீ பிடித்ததும் இதுவும் ஒரே குடும்பமா என்று பார்த்துச் சொல். நான்கு வருடமாக அதைத்தானே படிக்கிறாய். ஒரு தடவையாவது நம் வீட்டுக்கு உதவட்டும்.

ஜெயபாலன்


குளுவாங்
18 ஜனவரி 2024

ஜெயபாலனுக்கு,

புட்டி உடையாமல் வந்தது. மூடியில் தேதி எழுதியிருந்தீர்கள். நன்றி.

காரியத்துக்கு நான் வராததற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று ஏன் கொசு பிடித்தேன் என்பதற்கு இருக்கிறது. அந்த அறையில் எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். அழத் தெரியவில்லை. பதினொரு கொசுக்கள். மைனஸ் எண்பது டிகிரியில் வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. அதே உறைபெட்டியிலிருந்து தினமும் வேறு பெட்டிகளை எடுக்கிறேன்.

நீங்கள் கேட்பதைச் செய்ய முடியும். கொசுவின் டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு கொசுவுக்கு ஏழு தடவை வந்தால் இன்னொன்றுக்குப் பதினொன்று. அந்த எண்ணிக்கைதான் நாங்கள் சொல்லும் அடையாளக் குறி. எந்தக் குறி எந்தக் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் இந்த நான்கு வருட வேலை. அதிலிருந்து பன்னிரண்டு குறிகளை எடுத்துப் பார்த்தால், இரண்டு கொசுக்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்று சொல்லிவிடலாம். இதை ஒருநாள் லோஷினிக்குச் சொன்னபோது, "அப்போ கொசுவுக்கும் ஐசி இருக்காம்மா?" என்று கேட்டாள். நம் அடையாள அட்டையிலும் பன்னிரண்டு எண்தான். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, எழுதி வைத்துக்கொண்டாள்.

செய்ய முடியாததையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கொசு அவளைக் கடித்தது என்று எந்தக் குறியும் சொல்லாது. ஒரு கொசுவில் கிருமி இருந்தாலும், அவளுக்கு அது கொடுத்ததா, அவளிடமிருந்து வாங்கியதா என்று தெரியாது. எங்கே பிறந்தது என்பது மட்டும்தான் தெரியலாம்.

ஒரு நிபந்தனை. முடிவு எப்படி வந்தாலும் கூட்டத்தில் அப்படியே சொல்ல வேண்டும். தோங்குக்குச் சம்பந்தம் இல்லை என்று வந்தாலும். பள்ளி முடிந்து தினமும் லோஷினி யார் வீட்டில் சாப்பிட்டாள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நீங்கள் ஷிப்டிலும் நான் இங்கேயும் இருந்தபோது சர்புதீன் பாயின் மனைவி ஷஹீரா அக்காதான் அவளுக்குச் சோறு போட்டார்.

இதற்கு நீங்கள் சம்மதித்து எழுதினால்தான் பெட்டியைத் திறப்பேன்.

பிரேமலா


பாசிர் கூடாங்
24 ஜனவரி 2024

பிரேமலா,

சம்மதம். எப்படி வந்தாலும் சொல்கிறேன். லோஷினிமேல் சத்தியம். போதுமா?

சோறு போட்டதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது. நம்பி விட்ட இடத்தில் நோய் வந்தால் யாரைக் கேட்பது?

நேற்று சர்புதீன் நம் கேட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். கடையில் ஈ ஓட்டுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு வெளியே நின்றபடி, "தம்பி, தோங்கு எல்லாத்தையும் கவுத்துட்டேன். மூடி போடாதது என் தப்புதான், நான் இல்லேன்னு சொல்லல" என்றார்.

"அத அக்டோபருக்கு முன்னாடி செஞ்சிருக்கணும் பாய்."

"செஞ்சிருக்கணும். ஆனா தம்பி, பிள்ளைங்க ரெண்டு பேரும்..." என்று எதையோ ஆரம்பித்தார். அப்புறம் நம் பின்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "ஒண்ணுமில்ல. வரேன்" என்று போய்விட்டார்.

பிள்ளைகள் பேரைச் சொல்லி என்னைக் கரைக்கப் பார்த்தார் போலிருக்கிறது. நான் கரையவில்லை. கேட்டுக்கு இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டேன். நாளை தைப்பூசம். போன வருடம் மாசாய் கோயிலில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற இடம் நினைவிருக்கிறதா உனக்கு? நான் இந்த வருடம் போகவில்லை. ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெட்டியைத் திற.

ஜெயபாலன்


குளுவாங்
12 பிப்ரவரி 2024

ஜெயபாலனுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள்.

தோங்குப் புழுக்கள் பன்னிரண்டில் எட்டு டிங்கி வகையே இல்லை. மற்ற நான்கு டிங்கி வகைதான். ஆகவே சர்புதீன் பாயின் தோங்கு சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லோஷினியின் அறையில் பிடித்த எந்தக் கொசுவுக்கும் அவை உறவு இல்லை. மூன்று தடவை செய்து பார்த்தேன்.

அறையில் பிடித்த பதினொன்றில் டிங்கி வகை ஏழு. அந்த ஏழில் ஐந்து, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அன்று கொசுக்களோடு நான் இன்னொன்றையும் எடுத்து வந்தேன். நம் பின்கட்டில் கைகழுவும் தொட்டிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த ஏழாம் நம்பர் டின். கொசு முட்டையிட நான் வைத்த கறுப்பு டின்தான். அதன் உட்சுவரில் சின்னச் சின்னத் தோல்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. கூட்டுப்புழு கொசுவாகிப் பறக்கும்போது உரித்துப் போடும் தோல். பதினான்கு. அதிலும் டிஎன்ஏ கிடைக்கும். ஒன்பதில் கிடைத்தது.

அந்த ஐந்து கொசுக்களில் இரண்டின் பன்னிரண்டு குறிகளும் இரண்டு தோல்களின் பன்னிரண்டு குறிகளோடு அப்படியே பொருந்துகின்றன. உறவு என்று மட்டும் இல்லை. அதே கொசு. அந்தத் தோலை உரித்துவிட்டுப் பறந்த கொசு. இரண்டில் ஒன்றில் கிருமி இருந்தது.

நம் வீட்டில், நான் வைத்த டின்னில் பிறந்தது.

வாரம் ஒரு தடவை குச்சியை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டிக் கழுவினால் அந்த டின்னில் ஒரு கொசுவும் பறக்க முடியாது. அதனால்தான் வீடுகளுக்குள் வைக்க அனுமதி தருகிறார்கள். செப்டம்பர் 10, 17, 24 தேதி போட்ட மூன்று குச்சிகள் என் முன்னால் இருக்கின்றன. மூன்றிலும் லோஷினியின் கையெழுத்து. ஒரே பேனா. 10 என்று போட்டதில் மட்டும் முட்டை ஓடுகள். மற்ற இரண்டும் புதுக் குச்சி, நனைத்து எடுத்தது. அந்த மூன்று வாரம் நீங்கள் டின்னைத் தொடவில்லை, அப்படித்தானே?

ஆனால் இது மட்டும் எனக்குப் புரியவில்லை. முட்டைக் குச்சியில் மூன்று தண்ணீர்க் கோடுகள் இருக்கின்றன. ஒன்றுக்குமேல் ஒன்றாக. இந்தக் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே ஈரத்தில்தான் முட்டை வைக்கும். தண்ணீர் ஏறி முட்டை மூழ்கினால்தான் பொரியும். யாரோ அந்த டின்னில் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நீங்களா?

இனி என்னுடையது. அந்தக் குச்சி செப்டம்பர் 26 அன்று என் கைக்கு வந்தது. ஓடுகள் திறந்திருப்பதைப் பார்த்தேன். பதிவேட்டில் "பொரிந்தவை, விலக்கு" என்று எழுதினேன். அன்று உங்களுக்குப் போன் செய்து என்ன கேட்டேன் என்று நினைவிருக்கிறதா? "என் மூணு வார டேட்டா போச்சு, உங்களுக்கு என்ன கவலை" என்று கேட்டேன். பொரிந்தவை எங்கே போயின என்று கேட்கவில்லை. பிர்தௌஸுக்குக் காய்ச்சல் வர இன்னும் பத்து நாள் இருந்தது. அறைகளுக்கு மருந்து அடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அந்தப் பிள்ளையும் தினமும் சாயங்காலம் நம் பின்கட்டு மேசையில்தானே லோஷினியோடு உட்கார்ந்து பாடம் எழுதினாள்? அவளுக்குக் காய்ச்சல் முதலில் வந்தது எதற்குச் சாட்சி என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

முத்திரை போட்ட அறிக்கை கூடவே இருக்கிறது. கூட்டத்தில் படியுங்கள். நீங்கள் செய்த சத்தியம்.

பிரேமலா


குளுவாங்
21 பிப்ரவரி 2024

ஜெயபாலனுக்கு,

கூரியர்காரர் 14-ஆம் தேதியே உங்கள் கையெழுத்தை வாங்கியிருக்கிறார். நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டம் ஞாயிறு. நானும் வரட்டுமா? ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

பிரேமலா


பாசிர் கூடாங்
10 மார்ச் 2024

பிரேமா,

நான் சொல்லவில்லை.

அறிக்கை சட்டைப் பையில்தான் இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ராஜசேகரன் என் பெயரைச் சொல்லி, "பெத்த பிள்ளைய பறிகுடுத்தவரு, அவரு பேச வேணாம், நம்மளே பேசுவோம்" என்றார். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. சர்புதீன் ஓரமாக நின்றிருந்தார். கை தூக்கச் சொன்னார்கள். முப்பத்தொரு கை. நான் தூக்கவில்லை. தூக்காததையே பெரிய யோக்கியம் மாதிரி மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கடையை வாடகைக்கு விட்டவர் ஒரே வாரத்தில் ஒத்துக்கொண்டார். நோன்பு தொடங்கும் முன்பே கடை மூடிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், தொடவில்லை. ஆலையை நிறுத்திப் பழுது பார்த்த மூன்று வாரம், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வந்தால் சோற்றைப் பார்ப்பேனா, உன் டின்னைப் பார்ப்பேனா? 24-ஆம் தேதி பயந்துபோய் இரண்டு புதுக் குச்சியை நனைத்து, லோஷினியைக் கூப்பிட்டுத் தேதி எழுதச் சொன்னேன். "இது பொய்தானேப்பா?" என்று கேட்டாள். "அம்மா திட்டுவாங்க, எழுதும்மா" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு அழகாக எழுதினாள். பிரேமா, என் பிள்ளையிடம் நான் கடைசியாகக் கேட்டு வாங்கிய உதவி அது.

தண்ணீர் மட்டும் நான் ஊற்றவில்லை. சத்தியம் என்று எழுத இனி எனக்கு வாய் இல்லை. ஆனால் ஊற்றவில்லை.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அந்த மூன்று கோடுகள்தான் கண்ணுக்குள் நின்றன. நேற்றுச் சாயங்காலம் பின்கதவைத் திறந்து, சந்தைத் தாண்டி, அவர்கள் வீட்டுக்குப் போனேன். அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெப்ராவில் அவருடைய மச்சான் கடையில் வேலைக்குப் போகிறாராம். முதலாளியாக இருந்த மனிதர். அறிக்கையை நீட்டினேன். என்னால் முடிந்தவரை சொன்னேன். உன் டின், என் மூன்று வாரம், கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும்.

அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "தெரியும் தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன பாய் தெரியும்?"

"டின்னு. அக்டோபர்லயே தெரியும். பிர்தௌஸு ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போதே சொல்லிட்டா. டின்னு காயக்கூடாதுன்னு ஆண்ட்டி சொன்னாங்களாம். லோஷினிக்குக் கை எட்டாதாம், எம்மவதான் தொட்டிக்கு அடியில பூந்து மக்குல ஊத்துவாளாம். உள்ள நெளியுறத ரெண்டும் உக்காந்து எண்ணுமாம்."

"ஏன் பாய் சொல்லல? கடையே போச்சே. அன்னிக்குக் கேட்டுக்கு வந்தீங்களே, அன்னிக்காச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். உங்க முகத்தப் பாத்தேன். பிள்ளைய பறிகுடுத்த வீட்டுல போயி, உங்க வீட்டு டின்னுதான்னு எப்படிச் சொல்றது?" கயிற்றை இழுத்து ஒரு பெட்டியைக் கட்டி முடித்தார். "அது மட்டும் இல்ல தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ஊத்துனது எம்மவ கை. அது வெளிய தெரிஞ்சா இந்தத் தாமான் அவள விடுமா? தோங்குன்னா என்னோட போயிரும்."

ஷஹீரா உள்ளே அழுதது கேட்டது. பிர்தௌஸ் வாசல்படியில் நின்று என்னையே பார்த்தாள். அவள் இப்போது யார் வீட்டிலும் தண்ணீர்க் குவளையைத் தொடுவதில்லையாம். குடிக்கக்கூட யாராவது ஊற்றித் தர வேண்டும்.

இன்று காலை ராஜசேகரன் வீட்டுக்குப் போய் அறிக்கையைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார். "முடிஞ்சத ஏங்க கெளறுறீங்க? கடைய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு லா" என்றார். நகல் எடுத்து நானே ஒவ்வொரு வீட்டு அஞ்சல் பெட்டியிலும் போட்டேன். நாற்பத்திரண்டு வீடு. யாராவது படிப்பார்கள். படித்து என்ன ஆகப் போகிறது என்றும் தெரியவில்லை.

அந்த மூன்று குச்சியில் ஒன்றை எனக்கு அனுப்ப முடியுமா? அவள் கையெழுத்து.

ஜெயபாலன்


குளுவாங்
13 மார்ச் 2024

ஜெயாவுக்கு,

குச்சிகள் மூன்றும் ஆய்வுச் சான்று. வெளியே எடுக்கக் கூடாது. ஆனாலும் 17 என்று எழுதியதை உங்களுக்காக எடுத்து வைத்துவிட்டேன். ஏழு என்பதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு எழுதியிருக்கிறாள். எப்போது அப்படி எழுதப் பழகினாள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

திங்கட்கிழமை என் தலைமை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜொகூர் முழுக்க வீடுகளுக்குள் வைத்த டின்களை எடுத்து வரச் சொல்லியாயிற்று. நூற்றுப் பதினாறு வீடுகள். என்மேல் விசாரணை இருக்கும். வரட்டும். செப்டம்பர் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். எழுதியதை அழிக்க எங்களுக்கு அனுமதி இல்லை, கீழே சேர்த்து எழுதலாம். "பொரிந்தவை, விலக்கு" என்பதற்குக் கீழே, "பார்த்தேன். வீட்டுக்குச் சொல்லவில்லை" என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டேன்.

தண்ணீர்க் கோடுகள் பற்றி. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு நான் ஸ்பீக்கரில் உங்களோடு பேசினேன். வெயில் காலம், ஒரு டின் வற்றிப்போய் ஒரு வார வேலை வீணாகியிருந்தது. "என்ன ஆனாலும் சரி, டின்னு மட்டும் காயக்கூடாது" என்று சத்தம் போட்டேன். பக்கத்தில் லோஷினி, "நான் பாத்துக்கிறேம்மா" என்றாள். நான் "குட் கேர்ள்" என்று சொல்லிவிட்டு உங்களைத் திட்டுவதைத் தொடர்ந்தேன்.

அவள் பார்த்துக்கொண்டாள், ஜெயா. நீங்களும் நானும் விட்டதை அவள் ஒருத்திதான் ஒழுங்காகச் செய்தாள். கை எட்டாததற்குத் தோழியைச் சேர்த்துக்கொண்டாள்.

இதை எழுதும்போது முதல் தடவையாக அழுதேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நம் வீட்டில் தங்குவேனா என்று தெரியாது, என்னைக் கேட்காதீர்கள். நான் வரும் வரை தெப்ராவ் போக வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். சர்புதீன் பாயிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நாம் சேர்ந்து கேட்போம். அவர் தருவாரா என்பது அவர் இஷ்டம்.

பிர்தௌஸிடம் மட்டும் நான் தனியாகப் பேச வேண்டும். அவளுக்கு ஒன்பது வயது. தண்ணீர் ஊற்றச் சொன்னது ஆண்ட்டிதான் என்பதை அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

பிரேமா